மாலைதீவில் ஒரு கிழமை படகிலேயே தங்கிச் சுழியோட: வன்னியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கட்டுநாயக்காவிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பஸ்ஸில் போய்ச் சேர அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் மாலைதீவு என்றால் ரிசோட்டில் வேலைக்குப் போகிற இடம், இல்லாவிட்டால் புதுமணத் தம்பதிகள் படம் எடுக்கிற இடம். அங்கே ஒரு கிழமை படகிலேயே தங்கி, ஆள் குடியில்லாத தீவுகளுக்கிடையே நாளுக்கு மூன்று தரம் கடலுக்கடியில் இறங்கி வருவது எங்களுக்கும் எட்டும் என்று யாரும் சொல்வதில்லை. எட்டும். ஒரு வருசம் முன்கூட்டியே யோசித்துக் காசு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் செலவு குறைவதும் கூடுவதும் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துப் படகை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு அவசர அவசரமாகப் பயிற்சி எடுத்து, அங்கே போய் நீரோட்டத்தைக் கண்டு பயந்து பாதி டைவை விட்டுவிட்டுப் படகில் உட்கார்ந்திருப்பவர்தான் அதிகம் செலவழிக்கிறார். அதனால் உடம்பு, பயிற்சி, காலம், படகு, சாமான் என்ற ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

படகில் தங்குவதா, தீவில் தங்குவதா

லைவ்-அபோர்ட் என்பதை மாலைதீவில் சபாரிப் படகு என்கிறார்கள். பத்து அறை அளவில் உள்ள பெரிய படகு, அதில் சாப்பாடும் படுக்கையும். கூடவே தோணி என்று இன்னொரு படகு வரும். சிலிண்டர், காற்று அடைக்கிற கம்ப்ரசர், உங்கள் சாமான் எல்லாம் அதில்தான் இருக்கும். தண்ணீரில் குதிப்பதும் அதிலிருந்துதான். இரவில் பெரிய படகு அடுத்த இடத்துக்குக் கிட்டப் போய் நங்கூரம் போடும். தீவில் தங்கினால் அந்தத் தீவைச் சுற்றி உள்ள இடங்கள்தான் கிடைக்கும். படகில் இருந்தால் ஒரே கிழமையில் மூன்று நான்கு அடோல்களை, அதாவது வளையமாக அமைந்த தீவுக் கூட்டங்களைப் பார்க்கலாம்.

கணக்கைப் பாருங்கள். ஏழு இரவுப் பயணம், மலிவான படகில், இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் கீழ்த்தட்டு அறை என்றால் 1000 முதல் 1500 டொலர் என்ற அளவில் தேடலாம். அதற்குள் சாப்பாடு, தங்குமிடம், 15 முதல் 18 டைவ். தீவில் கெஸ்ட் ஹவுஸில் தங்கினால் ஒரு டைவுக்கு மட்டும் 50, 60 டொலர் போகும், அறையும் சாப்பாடும் தனி. நாளுக்கு மூன்று தரம் இறங்குகிறவருக்குப் படகுதான் மலிவு. நாளுக்கு ஒரு தரம் போதும் என்பவருக்கும், இதுவரை மொத்தமாகப் பத்துப் பதினைந்து டைவ்தான் செய்திருக்கிறேன் என்பவருக்கும் தீவுதான் சரி. 2009க்குப் பிறகு சாதாரண மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்துவிட்டது. திகுரா, புலிதூ மாதிரித் தீவுகளில் நல்ல டைவ் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு தரம் போய்விட்டு அடுத்த வருசம் படகில் ஏறுவதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் உடம்பு

பயிற்சிக்குச் சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது, நுரையீரல் என்று கேள்விகள் இருக்கும். காசு கட்டியாச்சே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடாதீர்கள்.

எங்கள் இடத்துக்காரருக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. ஷெல் சத்தத்தில் காதுச் சவ்வு கிழிந்தவர்கள், நெஞ்சில் சன்னமோ ஷெல் துண்டோ பட்டவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இரத்தமோ சேர்ந்து குழாய் போட்டு எடுத்தவர்கள் வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இப்போது ஓடியாடி வேலை செய்ய முடிகிறது என்பதை வைத்துச் சுழியோடலாம் என்று முடிவெடுக்க முடியாது. பத்து மீற்றர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகும். மேலே வரும்போது நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும், பழைய தழும்புக்குப் பின்னால் சிக்கிய காற்று வெளியே வர வழியில்லாவிட்டால் அது நுரையீரலைக் கிழிக்கும். காதுக்கு ஈ.என்.டி. வைத்தியரிடமும் நெஞ்சுக்கு அதற்குரிய வைத்தியரிடமும் காட்டி, "சிலிண்டர் போட்டுக் கடலுக்குள் இறங்கப் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். முகமூடியும் துடுப்பும் போட்டு மேலே மிதந்து பார்க்கலாமா என்று அதே வைத்தியரிடம் கேட்டு, சரி என்றால் அதைச் செய்யுங்கள். மாலைதீவில் அப்படிப் பார்க்கவும் நிறைய உண்டு.

பயிற்சிக்குத் திருகோணமலை

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் பஸ்ஸில் சில மணித்தியாலம். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் டைவ் நிலையங்கள் இருக்கின்றன. சித்திரை கடைசியிலிருந்து புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதி, அதற்குப் பிறகு வாடை தொடங்கிவிடும். அந்த மாதங்களில் ஓப்பன் வோட்டர் என்ற ஆரம்பப் பயிற்சியை முடித்தால் 18 மீற்றர் வரை இறங்கலாம். அதற்கு மேல் அட்வான்ஸ்ட் என்ற அடுத்த கட்டப் பயிற்சியைச் செய்தால் 30 மீற்றர். மாலைதீவில் பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்குச் சட்டப்படி உச்ச ஆழமும் 30 மீற்றர்தான், ஆகவே அதற்கு மேல் எந்தப் பயிற்சிக்கும் காசு கொட்டத் தேவையில்லை. ஒன்று மட்டும் சேருங்கள்: நைட்ரொக்ஸ். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 21 வீதம், நைட்ரொக்ஸில் பெரும்பாலும் 32. நைதரசன் குறைவதால் ஆழத்தில் கூடிய நேரம் இருக்கலாம். நாளுக்கு மூன்று தரம், ஆறு நாள் தொடர்ந்து இறங்கும்போது அது பெரிய உதவி. பல சபாரிப் படகுகள் அதை இலவசமாகவே தருகின்றன. சான்றிதழ் இல்லாதவருக்குத் தர மாட்டார்கள்.

சிலர் கேட்பார்கள், எங்கள் கரையிலேயே கடல் அட்டை பிடிக்கிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள் சிலிண்டரோடு இறங்குகிறார்களே, அவர்களிடம் பழகினால் காசு மிச்சம்தானே என்று. அவர்களுடைய துணிச்சலையும் கடல் அறிவையும் நான் மதிக்கிறேன், கடலடியில் எது எங்கே கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியாது. ஆனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கொம்பியூட்டர் இல்லாமல், ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கி, வேகமாக மேலே வந்து, கால் விழுந்துபோன மனிதர்கள் இந்தக் கரைகளில் இருக்கிறார்கள். ஆழத்தில் சுவாசிக்கும் நைதரசன் உடம்பில் கரைந்து நிற்கும், மெதுவாக மேலே வந்தால்தான் அது மூச்சோடு வெளியேறும். அவசரமாக வந்தால் இரத்தத்திலும் நரம்பிலும் குமிழியாகிவிடும். பிழைப்புக்காக அந்த ஆபத்தை எடுக்கிறவர்களுடைய முறையை நாங்கள் பொழுதுபோக்குக்குப் பழகக் கூடாது.

சான்றிதழ் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். மாலைதீவுப் படகுகள் பல அட்வான்ஸ்டோடு 30 முதல் 50 டைவ் அனுபவம் கேட்கின்றன. அதில் பெரும் பங்கைக் கிழக்கிலேயே முடிக்கலாம். புறாத்தீவைச் சுற்றி ஆழம் குறைந்த முருகைக்கல். கோணேசர் கோயில் மலையின் அடிவாரத்தில் இறங்கினால், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்தூண்கள் கடலடியில் கிடப்பதைப் பார்க்கலாம்; அதைப் பார்க்கவென்றே ஒரு தரம் போக வேண்டும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற கப்பல் அட்வான்ஸ்ட் முடித்தவருக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறது. அதே நாளில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே. அது பெரும் ஆழத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்த தொழில்நுட்பச் சுழியோடிகளுக்கு உரியது, ஆசைப்பட வேண்டாம்.

இந்த டைவ்களில் ஒரு வேலையை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள். மேலே வரும்போது உங்களைப் படகுக்காரர் காண்பதற்காக அனுப்பும் காற்றுக் குழாய் ஒன்று உண்டு, எஸ்.எம்.பி. என்பார்கள், செம்மஞ்சள் நிறத்தில் ஆள் உயரம் இருக்கும். ஐந்து மீற்றரில் ஒரே மட்டத்தில் நின்று, குழாயோடு கட்டிய நூல் சுருளை ஒரு கையில் விரல் நுழைக்காமல் பிடித்து, மறு கையால் குழாயின் வாயை விரித்து, ஒரு மூச்சை அதற்குள் ஊதிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நூல் உங்கள் கொக்கியிலோ மூச்சுவிடும் ரெகுலேட்டரின் குழாயிலோ சுற்றியிருந்தால் குழாய் உங்களையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். விரல் நூலுக்குள் இருந்தால் விரல் போகும். மாலைதீவில் ஓட்டம் உங்களைக் குதித்த இடத்திலிருந்து வெகு தூரம் கொண்டுபோய்விடும், தோணி உங்களைத் தேடுவது அந்தக் குழாயை வைத்துத்தான். பதற்றமில்லாமல் செய்ய வரும் வரைக்கும் படகில் பதிவு செய்யாதீர்கள்.

எந்தக் காலம்

கிழக்கில் எங்களுக்குக் கடல் மூடும் காலத்தில்தான் மாலைதீவில் திறக்கிறது. மார்கழியிலிருந்து சித்திரை வரை அங்கே வாடைக்காற்று, மழை குறைவு, தண்ணீர் தெளிவு. குறிப்பாக அடோல்களின் கிழக்குப் பக்கக் கால்வாய்களில் பெருங்கடல் தண்ணீர் உள்ளே பாயும், சுறாக் கூட்டம் அங்கே நிற்கும். காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனிதான் அங்கே மிகச் சிறந்த காலமும். ஆனால் முற்பணத்தைப் பல மாதம் முன்பும் மீதியை ஒன்றிரண்டு மாதம் முன்பும் கேட்பார்கள் என்பதால் சிறுபோகக் காசிலேயே ஒரு பங்கை ஒதுக்க வேண்டியிருக்கும்.

வைகாசியிலிருந்து கார்த்திகை வரை சோழகம். மழையும் அலையும் உண்டு, தண்ணீர் கொஞ்சம் மங்கல், விலையும் இறங்கும். அந்த மங்கலுக்குக் காரணமான நுண்ணுயிர்களைத் தின்னத்தான் மாண்டா திருக்கைகள் வருகின்றன. பா அடோலில் உள்ள ஹனிபரு குடாவில் அவை கூட்டமாகச் சேர்வது இந்தக் காலத்தில்தான். 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமான பகுதி அது. சிலிண்டரோடு இறங்கத் தடை, மேலே மிதந்துதான் பார்க்கலாம். தெற்கு அரி அடோலில் திமிங்கிலச் சுறா வருசம் முழுவதும் உண்டு.

எங்களுக்கு மட்டும் உள்ள வசதி ஒன்றைச் சொல்கிறேன். கிளம்ப இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது படகில் கட்டில் மிஞ்சியிருந்தால் விலையை நன்றாகக் குறைப்பார்கள். ஜேர்மனியில் இருப்பவரால் அதற்குள் விமானச் சீட்டும் லீவும் எடுத்து வர முடியாது. உங்களால் முடியும். கடவுச்சீட்டு கையில் தயாராக இருக்கட்டும். வைகாசி, ஆனி, கார்த்திகை, நத்தாருக்கு முந்திய இரண்டு கிழமை ஆகியவற்றில் கண்ணை வையுங்கள்.

படகைத் தெரிவு செய்தல்

முதல் தரம் போகிறவர் மாலேயில் தொடங்கி மாலேயிலேயே முடிகிற நடு அடோல்களின் பாதையை எடுங்கள்: வடக்கு, தெற்கு மாலே, வாவு, அரி. தூரத் தெற்குப் பாதைகள், புவமுலாத் தீவின் புலிச்சுறா எல்லாம் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் உள்நாட்டு விமானச் செலவு தனியாகச் சேரும், ஓட்டமும் கடுமை.

படகை நடத்துகிறவர்களோடு நேரடியாக வட்ஸ்அப்பில் கதையுங்கள். அறையில் ஏசி வேலை செய்கிறதா என்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அவசரத்துக்கு ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது? கீழ்த்தட்டு அறைகளிலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்கிறதா? இரவில் எல்லோரும் தூங்கும்போது ஒருவர் விழித்துச் சுற்றிப் பார்க்கிறாரா? பற்றரிகளை எங்கே சார்ஜ் போடுகிறார்கள்? 2019 செப்டெம்பரில் கலிபோர்னியாவில் கொன்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் தீப்பிடித்து, கீழ்த்தட்டில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவலுக்கு ஆள் நிறுத்தப்படவில்லை. மலிவுப் படகு என்றால் அறை சின்னதாக, சாப்பாடு எளிமையாக இருக்கலாம். இந்தக் கேள்விகளுக்கு மழுப்புகிற படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து கேட்டால் கழிவு கிடைக்கும். பெரிய குழுவுக்கு ஒரு கட்டில் இலவசமாகக் கொடுக்கிற படகுகளும் உண்டு. திருகோணமலையில் பயிற்சி எடுக்கும்போது கூட இருப்பவர்களின் நம்பரை வாங்கி வையுங்கள்.

விலைப்பட்டியலில் தெரியாத காசு

படகின் விலையோடு நிற்காதீர்கள், இவை தனியாக வரும்:

- பசுமை வரி: 2025 ஜனவரியிலிருந்து சபாரிப் படகில் ஆளுக்கு நாளுக்கு 12 டொலர். ஏழு நாளுக்கு 84.
- சுற்றுலா ஜி.எஸ்.டி.: 2025 ஜூலையிலிருந்து 17 வீதம். சொன்ன விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரிய வித்தியாசம் இதில்தான் வரும்.
- எரிபொருள் மேலதிகம், சாமான் வாடகை, சில படகுகளில் நைட்ரொக்ஸ்.
- வேலை செய்கிறவர்களுக்கு அன்பளிப்பு. படகு விலையில் பத்து வீதம் அளவில் கொடுப்பது வழக்கம். அவர்களில் எங்கள் நாட்டுப் பிள்ளைகளும் வங்காளதேசத்தவரும் இருப்பார்கள், இதைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.
- விமானச் சீட்டுக்குள்ளேயே மாலைதீவின் 50 டொலர் புறப்பாட்டு வரியும் அதே அளவு விமான நிலையக் கட்டணமும் அடங்கியிருக்கும். ஆகவே மிக மலிவான சீட்டுக்குக் காத்திருந்தாலும் ஒரு அளவுக்குக் கீழே இறங்காது.

காப்புறுதியைக் கடைசியாக வைத்தாலும் விட்டுவிடாதீர்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் சுழியோடுவது பெரும்பாலும் அடங்காது. டான் என்று சுருக்கமாகச் சொல்லும் டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க்கில் சேர்ந்து டைவ் விபத்துக் காப்புறுதி எடுங்கள். உடம்பில் குமிழியான நைதரசனைக் கரைக்கும் அழுத்த அறையில் சிகிச்சை எடுக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும்.

சாமான்

மூன்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்: முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் முகமூடி, டைவ் கொம்பியூட்டர், எஸ்.எம்.பி. முகமூடியைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்களுக்கானது. மீதி எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். கொம்பியூட்டரைத் திருகோணமலை டைவ்களிலேயே கட்டிப் பழகுங்கள். படகு ஆட்டத்தில் தலைசுற்றி வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் கேட்டு, தூக்கம் வராத வகையாக வாங்கி, படகு ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

கடதாசியும் பயணமும்

கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம், வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது. மாலைதீவில் இறங்கியதும் 30 நாள் விசா இலவசமாகத் தருவார்கள். பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அதே மாதிரி. அதற்குக் காசில்லை, காசு கேட்கும் வெப்சைட் போலி. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பதால் கட்டுநாயக்காவில் இளம் ஆட்களை நிறுத்திக் கேள்வி கேட்பதுண்டு. படகின் பதிவுக் கடிதம், திரும்பும் சீட்டு, டைவ் சான்றிதழ் மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகத் தடை. வணங்கும் சிலைகளுக்கும் தடை, ஆகவே பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னப் பிள்ளையாரை வீட்டில் விட்டுப் போங்கள்.

புத்தளம் வழியாகக் கொழும்பு போகும் பஸ்ஸில் ஏறினால் நீர்கொழும்பில் இறங்கி விமான நிலையத்துக்குப் போகலாம். படகு ஏறும் நாளுக்கு முந்திய இரவை ஹுல்ஹுமாலேயில் கழியுங்கள். விமான நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது, மலிவான அறைகளும் உண்டு.

படகில்

முதல் நாள் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு பரிசோதனை டைவ் வைப்பார்கள். கீழே இறங்க உடம்பில் கட்டும் எடை எவ்வளவு வேண்டும் என்பதை அதில் சரிபாருங்கள். அடுத்த நாளிலிருந்து விடிய ஆறு மணிக்கே எழுப்புவார்கள், விளக்கம், டைவ், சாப்பாடு, இளைப்பாறல், மறுபடி டைவ். காலையில் மாஸ் ஹுனி கொடுப்பார்கள், தேங்காய்ப்பூவும் சூரை மீனும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்தது. எங்கள் வாய்க்கு நன்றாகவே ஒத்துவரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

கால்வாய் டைவில், மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் குதித்து நேரே கீழே போகச் சொல்வார்கள். மேலே நின்று முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தால் ஓட்டம் உங்களைக் கால்வாய்க்கு உள்ளே கொண்டுபோய்விடும், மற்றவர்கள் வாயிலில் சுறாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாயிலை அடைந்ததும் உங்களோடு கயிற்றில் கட்டிய கொக்கியை உயிரில்லாத பாறையில் கொளுவி நின்றால் போதும். உயிருள்ள முருகைக்கல்லில் கையோ காலோ படக் கூடாது. ஒரு டைவ் பயமாக இருந்தால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு விடுங்கள், அதற்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 24 மணித்தியாலம் விடுங்கள். பல நாள் தொடர்ந்து சுழியோடியவருக்கு டான் சொல்லும் குறைந்தபட்சம் 18, ஆனால் மாலைதீவுப் படகுகளின் வழக்கம் 24, அதைப் பார்த்தே திரும்பும் சீட்டை எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு நாளுக்குள் மூட்டில் விடாத வலி, கை கால் விறைப்பு, தலைச்சுற்று, சலம் போகாமை ஏதாவது வந்தால் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கடலில் சிலிண்டரோடு எத்தனை மீற்றர் இறங்கினீர்கள், கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ இருக்கும் வைத்தியர் அதை ஊகிக்க முடியாது. முழு ஒட்சிசன் தரும்படி கேட்டுவிட்டு, டானின் அவசர எண்ணுக்குப் பேசி அவர்களை அந்த வைத்தியரோடு தொடர்புபடுத்துங்கள். அந்த எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஒருவரின் போனிலும் போட்டு வையுங்கள்.